வெள்ளிச் சக்கரமும் எண்ணும் பலகையும்

சாரற் காலத்தில் குற்றாலத்திற்கு நீராடச் செல்வோர் பலர், அருகிலுள்ள செங்கோட்டையைத் தென்காசிக்கு அண்டை ஊரென்றே அறிவர். இன்று இவ்வூர்களெல்லாம் ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆயினும், 1956-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1-ஆந் தேதி வரையில் செங்கோட்டை மலையாள தேசத்து அரசாட்சிக்கு உட்பட்டிருந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானம் தனியே விளங்கிய காலத்தில், தென்காசியினின்று எல்லை கடந்த வியாபாரி, ரூபாய் அணாக் கணக்கை விட்டுச் சக்கரக் கணக்கிற்கு மாறவேண்டியிருந்தது.

சக்கரமென்பது வண்டிச் சக்கரம்போற் பெரிதென எண்ணற்க. பழைய வெள்ளிச் சக்கரம் ஏறக்குறைய மூன்று குன்றிமணி எடையுள்ளது. மிளகைத் தட்டையாக்கினாற்போன்ற வடிவினது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது, மூச்சு விடவும் அஞ்சினோம்! 16 காசு ஒரு சக்கரம்; 4 சக்கரம் ஒரு பணம்; 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய்.

இது பொறியால் வார்ப்பட்டதன்று, கையால் அடிக்கப்பட்டது. அளவாக நிறுத்த வெள்ளித் துண்டை இரண்டு அச்சுகளுக்கிடையே வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பர். துண்டு சிறிது, அச்சுப் பெரிது. ஆதலால் முத்திரை முழுவதும் ஒரு நாணயத்திற் பதிவது அரிது. இம்முறை நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. 1226-ஆம் ஆண்டில் சுதந்தர நகரமாகிய ஜெர்மனியின் லூபெக் பட்டணத்தாரும் தம் வெள்ளிக் காசுகளைச் சம்மட்டியாலேயே அடித்தனர். இங்கிலாந்தும் 1662-ஆம் ஆண்டிலேதான் சம்மட்டியை அறவே விட்டுப் பொறியைக் கைக்கொண்டது.

இத்துணைச் சிறிய நாணயத்தை எண்ணுவதெப்படி? பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு 28½ சக்கரம். நூறு ரூபாய்க்கு 2,850 சக்கரம். விரலால் எண்ணப் புகுந்தால் பொழுது சாயும். எண்ணுகிறவனுக்குக் கணக்கும் தவறும். இதற்கென ஏற்பட்டதே சக்கரப் பலகை. மரப்பலகையில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள் இருக்கும். குழி ஒன்றுக்கு ஒரு சக்கரமே அடங்கும். நாணயங்களை அள்ளிப் பரப்பிப் பலகையை மெல்ல அசைத்து, மிகுதியைக் கையால் வழித்துவிட்டால், குழிகளின் தொகையே நாணயங்களின் தொகை. நூறு குழியுள்ள பலகையாயின் 2,850 சக்கரத்தை இருபத்தெட்டரை முறையில் எண்ணி முடிக்கலாம். எழுத்தறியாதவனும் எதிரே நின்று, குழியேதும் காலியாயிருக்கிறதா என்று தன் கண்ணாலேயே சோதித்துக்கொள்ளலாம். அவனை ஏய்ப்பது எளிதன்று. இதுவே அப்பலகையின் பெருஞ் சிறப்பென்பது எமது கருத்து.

ஆனால் பலகை காவாத இடமும் ஒன்றுண்டு. சர்க்கார் ரூபாய்க்கும் பிரிட்டிஷ் ரூபாய்க்கும் அரைச் சக்கரம், அதாவது எட்டுக் காசு, வித்தியாசம். "ரூபாய்" என்ற ஒரே பெயரால் இரண்டையும் வழங்கினமையால், எந்த ரூபாயென்று கேளாமல் விலை பேசியவன் நூறு ரூபாய்க்கு ஐம்பது சக்கரம் இழப்பான். எண்ணிக்கை சரியாயிருக்கும், கைமுதல் குறைந்திருக்கும்.

இருபதாம் நூற்றாண்டில் பொறியால் அடித்த செப்புச் சக்கரம் வழங்கியது. 1949-இல் திருவிதாங்கூர் கொச்சியோடு இணைந்தபின் அக்கணக்கும் மறைந்தது. வெள்ளியாதலின், பழைய சக்கரங்கள் தட்டார் உலையில் உருகிக் கொலுசாகவும் அரைஞாணாகவும் மாறுவது எளிது. செங்கோட்டைப் பக்கத்து மாணவர் எவர் வீட்டுப் பெட்டியிலேனும் மிளகளவான வெள்ளித் துண்டோ, குழிகள் நிறைந்த பலகையோ அகப்படின், உருக்கவும் விறகாக்கவும் கொடுக்குமுன் ஒருமுறை கல்லூரிக்குக் கொண்டுவந்து காட்டுவாராக.