‘சியர்’ என்னும் ஆங்கிலச் சொல்: பொருள் வளர்ச்சியும் தமிழ் நிகரன்களும்

ஆங்கிலத்தில் மனக்களிப்பைக் குறிக்கும் சொற்கள் பலவாக இருக்க, தமிழ் மொழிபெயர்ப்புகளில் அவற்றுக்கு ‘மகிழ்ச்சி’ என்னும் ஒரே சொல் ஆளப்படுவதை மிகுதியும் காண்கிறோம். இதனால் நேரும் பொருளிழப்பை விளக்க, ‘சியர்’ என்னும் பெயரும் அதனடியாகப் பிறந்த ‘சியர்ஃபுல்’ என்னும் பெயரடையும் இங்கு ஆராயப்படுகின்றன.

இச்சொல்லின் மூலம், முகத்தைக் குறித்த ‘காரா’ என்னும் பிற்கால இலத்தீன் சொல்லாகும். ஸ்பானிய மொழியில் ‘காரா’ இன்றும் முகத்தையே குறிக்கிறது. பழைய பிரெஞ்சு வழியாக இடைக்கால ஆங்கிலத்தில் புகுந்த இச்சொல், முகத்தையும், ஆகுபெயராக அம்முகம் காட்டும் மனநிலையையும் உணர்த்திற்று. முகம் என்னும் பொருளாட்சி ஷேக்ஸ்பியரின் ‘நடுவேனில் இரவுக் கனவு’ நாடகம் வரை தொடர்ந்தது. மனநிலை நல்லதாயினும் தீயதாயினும் இச்சொல் பொதுவாக நின்றது. அடைமொழியே வேறுபாடு காட்டியது. நாளடைவில் அடையின்றியே நன்மனநிலையை மட்டும் குறிக்கலாயிற்று. விருந்துணவு, ஆரவார வாழ்த்தொலி ஆகியனவும் இதன் கிளைப் பொருள்களாயின. தமிழில் மணப்பொதுவைக் குறித்த ‘நாற்றம்’ தீய மணத்துக்கே உரியதாகிவிட்டது. இரண்டும் பொருட்சுருக்கமே, முன்னது உயர்பொருட்பேறு, பின்னது இழிபொருட்பேறு.

முகத்தொடர்பு இன்றைய வழக்கிலும் மறையவில்லை. ‘சியர்ஃபுல்’ என்பது அகத்து நிறைவைவிடப் புறத்தே புலப்படும் மலர்ச்சியையே சிறப்பாகச் சுட்டும். கடுநோயுற்ற ஒருவரை இச்சொல்லால் குறிப்பிடும் தொடரை ‘மகிழ்ச்சியாக இருந்தார்’ எனப் பெயர்த்தால் அவர் துயரே அறியாதவர் என்றாகிவிடும். ‘முகமலர்ச்சியோடு இருந்தார்’ என்பதே பொருந்தும். அறைக்கோ வண்ணத்துக்கோ அடையாகும்போது ‘பொலிவான’ என்பது ஏற்கும். விதியை ஒருவர் ‘சியர்ஃபுல்லி’ மீறினார் என்னும் அங்கத வழக்கில் ‘சற்றும் கூசாமல்’ என்பதே கருத்து.

1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தில் ‘நற்சியர் கொள்க’ என்னும் பொருள்பட வரும் இடங்களில், தமிழ் விவிலியம் ‘திடன்கொள்’ என்கிறது. அங்குக் கிரேக்க மூலம் உணர்த்துவது களிப்பன்று, துணிவு. அதே ஆங்கில விவிலியம் மனமுவந்து கொடுப்பவரைச் ‘சியர்ஃபுல்’ என, தமிழில் ‘உற்சாகமாய்’ என வருகிறது.

எனவே, இருமொழி அகராதியில் ஒரு நிகரனை மட்டும் தருதல் போதாது. எச்சொல்லோடு சேர்ந்து வரும்போது எந்நிகரன் பொருந்தும் என்பதையும் காட்டுதல் வேண்டும். முகமலர்ச்சி, இன்முகம் என முகத்தையே அடியாகக் கொண்ட சொற்கள் தமிழில் இருக்க, அவற்றை விடுத்து ‘மகிழ்ச்சி’ ஒன்றையே பதிவு செய்வது இரு மொழிகளின் நுட்பத்தையும் இழப்பதாகும்.