பி 0171: எஞ்சின் என்ன சொல்கிறது?

கார் ஓட்டுபவருக்கு எதிரே உள்ள பலகையில், எஞ்சின் வடிவில் ஒரு மஞ்சள் விளக்கு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாவியைத் திருப்பியதும் அது எரியும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், வண்டியிலுள்ள கணிப்பொறி ஏதோ குறையைக் கண்டு, அதற்குரிய எண்ணைத் தன் நினைவில் குறித்து வைத்திருக்கிறது என்று பொருள். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட பொருத்துவாய் ஒன்று உண்டு. அதில் ஸ்கேனர் என்னும் சிறு கருவியைச் செருகினால் அந்த எண்ணைப் படிக்கலாம். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து இந்த ஏற்பாடு கட்டாயமாயிற்று. பிறகு மற்ற நாடுகளுக்கும் பரவியது.

எண்ணைப் படிப்பது எளிது. அதன் பொருளை அறிவதில்தான் பலரும் இடறுகிறார்கள். நானும் இடறினேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் காரில் இவ்விளக்கு எரிந்தது. பட்டறையில் படித்த எண் பி 0171. 'கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று மிகுதி' என்பது இதன் பொருள். "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார்" என்றார் மெக்கானிக். சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதியது போட்டோம். ஒரே வாரத்தில் விளக்கு மீண்டும் எரிந்தது!

அந்தச் சென்சார் என்ன செய்கிறது தெரியுமா? 1 கிராம் பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். இந்த விகிதம் பிசகினால் புகையிலுள்ள ஆக்சிஜன் அளவும் மாறும். புகைக்குழாயில் பொருத்திய சிர்க்கோனியா பீங்கானின் ஒருபுறம் புகையும் மறுபுறம் வெளிக்காற்றும் இருக்கின்றன. பீங்கான் நன்கு சூடேறியதும் ஆக்சிஜன் அயனிகள் அதனூடே நகரும். மின்கலத்தைப் போல அழுத்தம் உண்டாகும். புகையில் ஆக்சிஜன் மிகுந்தால் சுமார் 0.1 வோல்ட், அருகினால் 0.9 வோல்ட். 0.1 என்று கண்டால் கணிப்பொறி பெட்ரோலைக் கூட்டும். கால் பங்கு அளவுக்குக் கூட்டியும் கலவை சரியாகவில்லையென்றால், பி 0171 பதிவாகிறது.

ஆக, சென்சார் கெட்டது என்று அந்த எண் சொல்லவே இல்லை! உண்மை சொன்ன சாட்சியையே நாங்கள் கழற்றி எறிந்தோம். இத்தனைக்கும், வகுப்பில் மின்கலம் பற்றிப் பாடம் நடத்துபவன் நான்.

இரண்டாவது மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. பெட்ரோல் எவ்வளவு கூட்டப்படுகிறது என்பதை ஸ்கேனரில் பார்த்தார். வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது 27 விழுக்காடு. நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு உயர்த்தியதும் 8 விழுக்காடு. "எங்கேயோ காத்து இழுக்குது" என்றார்.

எப்படிச் சொன்னார்? என் காரில், உள்ளே போகும் காற்றை ஒரு மானி அளக்கிறது. அதைத் தாண்டி ஒரு குழாயில் விரிசல் இருந்தால், கணக்கில் வராத காற்று உள்ளே புகும். விநாடிக்கு 0.8 கிராம் அப்படிப் புகுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஓடும்போது மானி அளப்பது 3 கிராம், 0.8 அதில் 27 விழுக்காடு. வேகம் கூடி 10 கிராம் போகும்போது அதே 0.8 வெறும் 8 விழுக்காடுதான்! மாறாக, வேகமும் பளுவும் ஏற ஏற எண் பெரிதானால், பெட்ரோல் பம்பையோ வடிகட்டியையோ சந்தேகிக்க வேண்டும்.

அடியில் வெடித்திருந்த ரப்பர் குழாய் ஒன்றை மாற்றினார். இரு எண்களும் பூச்சியத்தை நெருங்கின. அதன் பிறகுதான் பதிவை அழித்தார். முதலிலேயே அழித்திருந்தால், குறை தோன்றிய நேரத்தில் எஞ்சினின் வேகமும் வெப்பமும் எவ்வளவு என்று கணிப்பொறி குறித்து வைத்த விவரமும் சேர்ந்தே போயிருக்கும்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் நேரமில்லை. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது என்பது அதன் பொருள். அது புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியில் போய் எரிந்து, அதன் பீங்கானையே உருக்கிவிடக்கூடும். வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள்.