சுவரில் ஏறிய உத்திரம்

ஜெயங்கொண்டத்தை அடுத்த நெசவூர் ஒன்றில் எங்கள் வீடு. வடக்கு வீட்டுக்கும் எங்களுக்கும் சுவர் ஒன்றுதான். ஒன்றரை அடி கனத்தில் மண்சுவர். பத்திரத்தில் ‘வடபுறப் பொதுச்சுவர் உள்பட’ என்று ஒரு வரி இருக்கும். இலையூர், வாரியங்காவல் பக்கமெல்லாம் பழைய நெசவுத் தெருக்கள் இப்படி ஒட்டு வீடுகளாகத்தான் இருந்தன. பாவு போட வாசலில் தெரு வேண்டும், குழித்தறிக்கு உள்ளே நீளம் வேண்டும். அகலத்தில்தான் சிக்கனம்.

வடக்கு வீட்டுக்காரர் கூடத்தைப் பிரித்துக் கட்டியபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். அவருடைய பனை உத்திரத்தின் முனை சுவரின் பாதிக் கனத்தைத் தாண்டி எங்கள் பங்குக்குள் வரும். அதற்காக ஒருநாள் காலையில் வந்து திண்ணையில் உட்கார்ந்து அப்பாவிடம் கேட்டார்.

“அண்ணே, உத்தரத்த நம்ம செவுத்துல ஏத்திக்கவா?”

“ஏத்திக்கப்பா. மழைக்கு முந்தி ஓட்டப் போட்ரு.”

பேச்சு அவ்வளவுதான். கறையான் ஏறாமலிருக்க முனையில் தார் பூசி, பொந்தில் செருகி, களிமண் வைத்து அடைத்தார்கள். சந்து ஓட்டில் ஒழுகினால் இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்தே ஏறி ஓடு மாற்றுவார்கள்.

அந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் என்ன இடம் என்று பிறகுதான் படித்தேன். 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் அன்றைய சென்னை மாகாணத்துக்குத் தொடக்கத்திலேயே பொருந்தியது. அடுத்தவர் கட்டடத்தின் தாங்கலை உரிமையாகவும் தடையில்லாமலும் 20 ஆண்டு அனுபவித்தால் அது நிலைத்த உரிமையாகும் என்கிறது 15ஆம் பிரிவு. கேட்டு வாங்கிய அனுமதி வேறு கணக்கு. அதை நம்பிச் செலவழித்து நிலையான வேலை செய்துவிட்டால், கொடுத்தவர் திரும்பப் பெற முடியாது என்கிறது 60ஆம் பிரிவு. ஆனால் கொடுத்தவர் வீட்டை விற்றால் வாங்கியவரை அந்த அனுமதி கட்டாது என்கிறது 59. அப்பா வாழ்ந்தவரை அந்தச் சொல்லுக்குக் காவல் அவரே. இன்றோ எங்கள் தெருவில் வீடுகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

தனித்து நிற்கும் பலத்தை எங்களுக்குக் கொடுத்தது எங்கள் மண்தான். பழங்காலக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல் அரியலூரின் அடியில் கிடக்கிறது. 1939இல் டால்மியாபுரத்தில் சிமென்ட் ஆலை வந்தது, 1979இல் அரியலூரில் அரசு சிமென்ட் ஆலை, அதன்பின் தனியார் ஆலைகள். 1995இல் பெரம்பலூரும் 2007இல் அரியலூரும் தனி மாவட்டங்களான பின் மனைப்பிரிவுகளும் வாடகை மாடிகளும் பெருகின. பில்லர் எழுப்பி, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டால் யார் சுவரும் தேவையில்லை. பெரம்பலூரில் புதிய மனைகளில் அவரவர் எல்லையில் அவரவர் சுவர். நடுவே இரண்டு விரல் இடைவெளி. அந்த இடுக்கில் இறங்கும் மழைத்தண்ணீர் இரண்டு வீட்டுக்கும் ஓதம் ஏற்றுகிறது. பூச ஆள் நுழைய வழியில்லை. மேலே யார் மூடுவது என்பதில்தான் முதல் மனஸ்தாபம்.

அடுத்தவர் சுவரின் தேவை போய்விட்டது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ஏசியின் வெளிப்பெட்டிக்கு எல் ஆங்கிள், தகர ஷீட்டுக்கு இரும்புச் சட்டம், டிஷ், கேபிள் கிளிப் எல்லாம் இன்று பக்கத்து வீட்டுச் சுவரில்தான் ஏறுகின்றன. டிரில் மிஷினுக்கு ஐந்து நிமிஷ வேலை. வேலைக்கு வரும் பையனுக்கு அது யார் சுவர் என்று தெரியாது. வீட்டுக்காரருக்குத் தெரிந்தும் கேட்பதில்லை. ஒரு வீட்டையே தாங்கும் உத்திரத்துக்கு வாசலில் வந்து உட்கார்ந்து கேட்டவர்களின் பிள்ளைகள் நாங்கள். நான்கு போல்ட்டுக்குக் கேட்க எங்களுக்கு என்ன வந்தது? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996இல் பொதுச்சுவருக்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். பொதுச்சுவரை வெட்டி வேலை செய்ய இரண்டு மாதம் முன்பே அண்டை வீட்டாருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கேட்பதற்கு இங்கும் ஒரு படிவம் வரட்டும் என்றுகூடத் தோன்றுகிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து, வரிசையில் ஒரு வீட்டை மட்டும் இடிக்கும்போது வருகிறது. எங்கள் பக்கம் பல இடங்களில் கரிசல்; மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும் மண். பழைய மண்சுவரை ஒட்டிப் பில்லர் குழி தோண்டி, அது நாள்கணக்கில் திறந்து கிடந்தால் சுவரின் அடி இளகும். நனையாத உட்சுவராகவே கட்டப்பட்டது திடீரென வெளிச்சுவராகிச் சாரலை வாங்கும்.

போன வருஷம் வடக்கு வீடு இடிபட்டபோது அதைப் பார்த்தேன். நீலம் கலந்த சுண்ணாம்பு, மாடக்குழி, அதற்குமேல் விளக்குப் புகையின் கரி. ஒரு குடும்பத்தின் கூடம் தெருவுக்குத் தெரிய நின்றது. அவருடைய மகன், “அண்ணே, இந்த முனைய உருவுனா உங்க செவுரு வந்துரும். அறுத்து வுட்ரவா?” என்று வந்து கேட்டான். அறுக்கச் சொன்னேன். குழியை அன்றே மூடவைத்து, எங்கள் சுவருக்குத் தார்ப்பாய் கட்டினான். அவன் அப்பா தார் பூசி ஏற்றிய பனையின் முனை இன்னும் எங்கள் பாதிச் சுவருக்குள் இருக்கிறது. அதன்மேல் சிமென்ட் பூசியாகிவிட்டது.