ஈரம் போகாத மரம்

மழைக்காலத்தில் கதவு அடைபட மறுப்பது தாம்பரம், முடிச்சூர், பல்லாவரம் பகுதி வாசகர்களுக்குப் புதிதன்று. ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மரம் பருக்கின்றது. சித்திரையில் அதை விட்டுச் சுருங்குகின்றது. இது மரத்தின் இயல்பு. ஆனால், உலராத பச்சை மரத்தில் செய்த பொருள் கோணிக் கொள்வது வேறு; அதைத் தடுக்க வழியுண்டு.

2016 டிசம்பர் 12ஆம் நாள் வீசிய வர்தா புயல் சென்னையிலும் புறநகரிலும் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது நினைவிருக்கலாம். அப்படி வாசலில் விழும் ஒரு வேம்பைப் பலகையாக அறுத்தால், பிள்ளைகள் குர்ஆன் வைத்து ஓதும் ரெஹால்கள் எத்தனையோ செய்யலாம். ரெஹால் ஒரே பலகையிலிருந்து, ஆணியின்றி, பின்னிய கீலோடு விரிவது. பலகை சற்றே முறுக்கினாலும் கீல் இறுகிவிடும். பலவந்தமாக விரித்தால் பிளந்துவிடும்.

முற்றும் உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டே ஈரத்தைக் கணக்கிடுவர். ஏறத்தாழ 30 விழுக்காடு வரை ஈரம் குறைந்தாலும் மரம் சுருங்காது. அதற்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கம் தொடங்குகின்றது. அதுவும் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் அன்று. ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இருமடங்கு. பலகை வளைவது இதனால்தான். கடுவெயிலில் போட்டால் மேற்புறம் விரைந்து உலர, உள்ளே ஈரம் நிற்க, வெடிப்பு விழும்.

ஆகவே முதலில் நிழலில் உலர்த்துங்கள். பலகைகளின் இரு முனைகளிலும் பெயிண்ட் அல்லது மெழுகு பூசுங்கள். முனை வழியே நீர் மிக விரைவாக வெளியேறும். இடையிடையே ஒரே கனமுள்ள ரீப்பர் துண்டுகளை வைத்து அடுக்குங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. அதன்பின் எஞ்சும் ஈரத்திற்கே பெட்டி.

நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் பிளைவுட் பெட்டி போதும். அடியில் பீங்கான் ஹோல்டரில் 100 வாட் குண்டு பல்புகள் இரண்டு. எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. பழைய பல்பு வீணாக்குகின்றது என்று நாம் குறை கூறிய வெப்பம்தான் இங்கே வேண்டியது! பல்புகளுக்கு மேலே தகரத் தகடு, அதற்கு மேல் ஓரடி விட்டு மரம். ஒரு பக்கம் கீழேயும் மறுபக்கம் மேலேயும் ஓரங்குலத் துளைகள் இரண்டிரண்டு இடுங்கள். ஈரக்காற்று வெளியேறாவிட்டால் மரம் வேகுமேயன்றி உலராது. கம்ப்யூட்டரில் சுழலும் சிறு காற்றாடி ஒன்று வைத்தால் நன்று. முதலில் 35 முதல் 40 டிகிரி செல்சியஸ், கடைசியில் 45 டிகிரிக்குமேல் வேண்டாம். தெர்மோஸ்டாட்டும் எர்த் இணைப்பும் கட்டாயம். தெர்மோகோல் கூடாது, எளிதில் தீப்பற்றும். வீட்டில் ஆளில்லாதபோது எரிய விடாதீர்கள். நாள் முழுதும் எரிந்தால் 4.8 யூனிட் செலவாகும்.

வெயிலையே நம்புவோர்க்கும் இடமுண்டு. கண்ணாடி மூடிய சூரிய உலர்கலன்களை டேராடூன் வன ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகளுக்கு முன்பே உருவாக்கியது. ஆனால், ஐப்பசி மழையில் அது கைகொடுக்காது. உளுவைக் கொல்லவும் நமது பெட்டியை நம்ப வேண்டாம். சரக்குப் பெட்டி மரங்களுக்கான பன்னாட்டு விதி, மரத்தின் நடுப்பகுதியே 56 டிகிரியில் அரைமணி நேரம் இருக்க வேண்டும் என்கின்றது.

உலர்ந்ததா என்பதைக் கண் சொல்லாது. தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியைக் கண்டித்த செய்தி முஸ்லிம் கிரந்தத்தில் உள்ளது. மரம் விற்போரும் ரெஹால் செய்து விற்போரும் அதை ஒருமுறை நினைக்கட்டும். மரத்திற்குள் கைவிட முடியாதாகையால் தராசுதான் நமக்குத் துணை. ஒரு துண்டில் அடையாளமிட்டு நாள்தோறும் நிறுத்து எழுதுங்கள். தொடர்ந்து மூன்று நாள் எடை மாறாதிருந்தால் பல்பை அணைக்கலாம்.

உடனே இழைப்புளியை எடுக்க வேண்டாம். இரண்டு, மூன்று நாள் அறைக்குள் வைத்து, வீட்டுக் காற்றோடு மரம் பழகியபின் கீலை வெட்டத் தொடங்குங்கள்.