சட்டை போட்ட கார்!

கார் ஓட்ட ஆசை. ஆனால், கார் வாங்க வழி இல்லை. என்ன செய்வது?

நாமே செய்துவிட்டால் என்ன என்று இரண்டு சகோதரர்கள் துணிந்து இறங்கினார்கள்.

அவர்கள் செய்த வண்டிக்கு மூன்றே சக்கரங்கள். என்ஜினோ, மோட்டார் சைக்கிள் என்ஜின்! உடம்பு முழுவதும் இரும்புக் குழாய். குழாய்களின் மேல், சட்டை மாட்டியது போல ரெக்சின்!

இந்த வண்டியைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால், நடக்க முடியாமல் வீட்டோடு கிடந்த பலருக்கு அதுவே காலாக அமைந்தது.

சைக்கிள் கடையில்...

ஐரோப்பாவில் செக்கோஸ்லோவாக்கியா என்று ஒரு நாடு இருந்தது. 1993-ம் ஆண்டு அது இரண்டாகப் பிரிந்தது. அதில் ஒன்றுதான் இன்றைய செக் நாடு.

அங்கே செஸ்கா திரெபோவா என்ற ஊரை ஒட்டி, பார்னிக் என்ற சிற்றூர். பிரான்டிஷெக் ஸ்டிரான்ஸ்கி, மோய்மிர் ஸ்டிரான்ஸ்கி என்ற சகோதரர்கள் அங்கே சைக்கிள் ரிப்பேர் கடை நடத்தி வந்தார்கள்.

1943-ம் ஆண்டு. இரண்டாவது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. நாடு ஜெர்மானியரின் பிடியில் இருந்தது. அந்த நெருக்கடியான காலத்தில்தான் இவர்கள் வண்டி செய்யும் வேலையைத் தொடங்கினார்கள்.

இங்கிலாந்தில் மார்கன் என்ற கம்பெனி செய்த மூன்று சக்கரக் கார்தான் இவர்களுக்கு முன்மாதிரி.

தங்கள் வண்டிக்கு "ஆஸ்கார்" என்று பெயர் வைத்தார்கள். செக் மொழியில் "ஓசா" என்றால் அச்சு. "காரா" என்றால் வண்டி. இரண்டையும் சேர்த்துச் சுருக்கினால் ஆஸ்கார்!

ஏன் ரெக்சின்?

இரும்புத் தகட்டால் உடம்பு செய்தால் செலவு அதிகம். கனமும் அதிகம். மோட்டார் சைக்கிள் என்ஜின் அதை இழுக்கத் திணறும்.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மெல்லிய இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து ஒரு கூடு செய்தார்கள். அதன் மேல் ரெக்சினை இழுத்துப் போர்த்திப் பொத்தான்களால் மாட்டினார்கள். கிழிந்தால் கழற்றிவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம். மழை, பனி, குளிர் எதுவும் உள்ளே இருப்பவரை அவ்வளவாக வாட்டாது.

ஆட்டோவுக்கு முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. இந்த வண்டியில் அது அப்படியே தலைகீழ். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. வளைவில் பிரேக் போட்டால் வண்டியின் பாரம் முன்பக்கம் சாயும். அங்கே இரண்டு சக்கரங்கள் தாங்குவதால் வண்டி கவிழும் அபாயம் குறைவு.

உள்ளே இருவர் உட்காரலாம். அவர்களுக்குப் பின்னால் என்ஜின். அதிலிருந்து ஒரு செயின் பின்சக்கரத்தைச் சுழற்றும்.

பின்னால் போவது எப்படி?

பின்னாளில் இந்த வண்டியில் ஜாவா மோட்டார் சைக்கிளின் என்ஜினைப் பொருத்தினார்கள். ஜாவா நமக்குப் புதிது அல்ல. 1960-களில் மைசூரில் தயாராகி, நம் சாலைகளிலும் ஓடிய அதே ஜாவாதான்!

மோட்டார் சைக்கிளுக்கு "ரிவர்ஸ் கியர்" கிடையாது. அப்படியானால் இந்த வண்டி பின்னால் போவது எப்படி?

இதில்தான் வேடிக்கை இருக்கிறது. ஜாவா என்ஜின் "டூ ஸ்ட்ரோக்" வகை. இந்த வகை என்ஜினைத் தலைகீழாகச் சுழற்றிவிட்டாலும் ஓடும். ஆகவே, என்ஜினை நிறுத்தி, எதிர்ப்பக்கமாகச் சுழலும்படி "ஸ்டார்ட்" செய்வார்கள். வண்டி பின்னால் போகும். முன்னால் போக நான்கு கியர். பின்னால் போகவும் அதே நான்கு கியர்!

350 சி.சி. என்ஜின் பொருத்திய வண்டி மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது.

கால் இல்லாதவருக்குக் கால்

1950-களின் தொடக்கத்தில் "வேலோ" என்ற கூட்டுறவுத் தொழிலகம் இந்த வண்டியைத் தயாரிக்க முன்வந்தது. சகோதரர்கள் இருவரும் அதில் சேர்ந்தார்கள். பிறகு தொழிலகத்தின் பெயர் "வேலோரெக்ஸ்" என்று மாறியது. வண்டிக்கும் அதுவே பெயர் ஆயிற்று.

வண்டி முக்கியமாக ஊனமுற்றவர்களுக்கே வழங்கப்பட்டது. காரில் கிளட்சையும் பிரேக்கையும் காலால் மிதிக்க வேண்டும். கால் இல்லாதவர் என்ன செய்வார்? அவர்களுக்காக, கையாலேயே இயக்கும்படியும் இந்த வண்டியை அமைத்துக் கொடுத்தார்கள்.

அதுவரை கடைக்குப் போகவும் ஆஸ்பத்திரிக்குப் போகவும் பிறர் தயவை எதிர்பார்த்தவர், இப்போது தாமே வண்டியை எடுத்தார். பக்கத்தில் மனைவியையும் உட்கார வைத்துக்கொண்டு புறப்பட்டார்!

ஊரார் கேலியும் செய்தார்கள். அந்த நாளில் "தத்ராப்லான்" என்ற உயர்ந்த ரகக் கார் அங்கே ஓடியது. செக் மொழியில் "ஹத்ர்" என்றால் கந்தல் துணி. இந்த வண்டிக்கு "ஹத்ராப்லான்" என்று பட்டப்பெயர் சூட்டிவிட்டார்கள்!

சோக முடிவு

வண்டி பிறரை வாழவைத்தது. ஆனால், அதைச் செய்தவரை வாழவிடவில்லை.

1954-ம் ஆண்டு பிரான்டிஷெக் புதிய மாதிரி வண்டி ஒன்றைச் சோதித்துப் பார்க்க ஓட்டிச் சென்றார். வழியில் விபத்து. அவர் உயிர் இழந்தார். சைக்கிள் கடையில் ஒன்றாக வேலை பார்த்த இருவரில் மோய்மிர் மட்டுமே மிஞ்சினார்.

ஆனால், வண்டி நிற்கவில்லை. 1971-ம் ஆண்டு வரை இந்த மூன்று சக்கர வண்டிகள் தயாராயின. மொத்தம் 15 ஆயிரத்துக்கும் அதிகம்!

அதன் பிறகு அதே தொழிலகம் நான்கு சக்கர வண்டி ஒன்றைச் செய்து பார்த்தது. அது நிலைக்கவில்லை. 1973-ம் ஆண்டோடு நின்றுபோயிற்று.

மூன்று சக்கர வண்டியை மட்டும் செக் மக்கள் மறக்கவில்லை. பழைய வண்டிகளைத் தேடிப் பிடித்துப் பழுது பார்க்கிறார்கள். புது ரெக்சின் போர்த்தி, எல்லாரும் ஓர் இடத்தில் கூடி ஊர்வலமாக ஓட்டிச் செல்கிறார்கள்.

"கந்தல் வண்டி" என்று கேலி செய்யப்பட்ட வண்டிக்கு இன்று ராஜ மரியாதை!