இஸ்லாமிய அறிமுக நூல்களும் வாசிப்பு வரிசையும்: தமிழ் ஆய்வாளர் நோக்கில்

ஆய்வுச் சுருக்கம்

இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தை ஆராயப் புகுவோர்க்கு இஸ்லாம் பற்றிய அடிப்படை அறிவு இன்றியமையாதது. அவ்வறிவைத் தேடும் தொடக்கநிலை வாசகர், ‘எந்த நூலைப் படிப்பது?’ என்பதோடு ‘எந்த வரிசையில் படிப்பது?’ என்றும் வினவுதல் வேண்டும். தமிழ் ஆய்வாளரை இடறச் செய்பவை அரபுச் சொற்களினும் அவருக்கு நன்கறிந்த தமிழ்ச் சொற்களே என்பதையும், குர்ஆனின் அத்தியாய அடைவு காலவரிசையைத் தழுவாதது என்பதையும் எடுத்துக்காட்டி, தொடக்கநிலையினர்க்கு உரிய வாசிப்பு வரிசையொன்றை இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: இஸ்லாம், குர்ஆன், நபிமொழி, சீறாப்புராணம், மசலா, வாசிப்பு வரிசை

முன்னுரை

தமிழ்த்துறை மாணவர் பலர்க்கு இஸ்லாத்துடன் ஏற்படும் முதல் அறிமுகம் சீறாப்புராணத்தின் ஏதேனும் ஒரு படலத்தின் வழியே நிகழ்கிறது. யாப்பும் அணியும் அவர்க்குப் பழகியவை. காப்பிய மரபும் பழகியதே. ஆகவே நூலின் சமயப் பொருளும் எளிதில் விளங்கிவிட்டதாக ஓர் எண்ணம் தோன்றுகிறது. இவ்வெண்ணமே பிற்கால ஆய்வுகளில் பிழைபட்ட முடிவுகளுக்கு வித்தாகிறது. கம்பராமாயணத்தை ஆராய்வோர் வைணவக் கோட்பாட்டையும், சிந்தாமணியை ஆராய்வோர் சமணக் கோட்பாட்டையும் கற்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அதே கடப்பாடு இஸ்லாமிய இலக்கியத்திற்கும் பொருந்தும். அதனை நிறைவேற்றும் வழி யாது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

அறிந்த சொல்லும் அறியாப் பொருளும்

இஸ்லாத்தின் ஐம்பெருங் கடமைகளைத் தமிழ் முஸ்லிம்கள் கலிமா, தொழுகை, நோன்பு, ஜக்காத்து, ஹஜ் என வழங்குவர். இவற்றுள் கலிமா, ஜக்காத்து, ஹஜ் என்னும் மூன்றும் அரபுச் சொற்கள். தொழுகை, நோன்பு என்னும் இரண்டும் தமிழ்ச் சொற்கள். அறியாத சொல்லைக் காணும் வாசகர் அகராதியை நாடுவார். அறிந்த சொல்லைக் காணும்போது அவ்வாறு நாடுவதில்லை. எனவே இடர் மிகுதியும் பின்னைய இரண்டிலேயே உள்ளது.

‘தொழுதல்’ என்பது கைகூப்பி வணங்குதலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். இஸ்லாமிய வழக்கில் தொழுகை என்பது நேரமும் முறையும் வரையறுக்கப்பட்ட வழிபாடு. ஒளூ என்னும் உறுப்புத் தூய்மை செய்து, மக்காவிலுள்ள கஃபாவின் திசை நோக்கி நின்று, குனிந்து, நெற்றி நிலத்திற்பட வணங்கி, அமர்ந்து நிறைவு செய்யப்படும். நிற்றல் முதல் நெற்றி படிதல் வரையிலான ஒரு சுற்று ‘ரக்அத்’ எனப்படும். நாள்தோறும் ஐவேளையிலும் கடமையான ரக்அத்துகள் 17 ஆகும். ‘நோன்பு’ என்பதும் அத்தகையதே. சமண, சைவ, வைணவ மரபுகளில் அது ஒருவர் தாமே மேற்கொள்ளும் விரதத்தைப் பெரும்பாலும் சுட்டும். இஸ்லாத்தில் ரமலான் மாதம் முழுதும் வைகறை முதல் கதிரவன் மறையும் வரை உணவும் நீரும் தவிர்த்தல், ஆற்றலுடைய வயதுவந்தோர் அனைவர்க்கும் விதிக்கப்பட்ட கடமை. நோயாளர், பயணியர் போன்றோர்க்கு விலக்கு உண்டு.

‘வேதம்’, ‘வானவர்’, ‘தீன்’ என்னும் சொற்கள் மேலும் கவனத்திற்குரியவை. இஸ்லாமியத் தமிழ் வழக்கில் நான்கு வேதம் எனின் தவுறாத்து, சபூர், இஞ்சீல், புறுக்கான் என்பனவாம். அவை முறையே மூசா, தாவூது, ஈசா, முகம்மது ஆகிய நபிமார்க்கு அருளப்பெற்றவை என்பது இஸ்லாமிய நம்பிக்கை. எண்ணும் பெயரும் ஒத்திருத்தலால் இவற்றை இருக்கு முதலியவற்றோடு மயங்குதல் எளிது. ‘வானவர்’ என்பது இங்கு மலக்குகளைக் குறிக்கும். அவர்கள் இறைவனின் ஏவலைச் செய்யும் படைப்புகள். வணக்கத்திற்கு உரியவர் அல்லர். அச்சொல்லைத் தேவர் என்னும் பொருளில் விளக்குவோர், ஓரிறைக் கொள்கையைப் பாடும் நூலில் பல தெய்வ வழிபாட்டைப் புகுத்தியவராவர். ‘தீன்’ என்பது தமிழில் உணவு, அரபில் மார்க்கம். இடம் நோக்கிப் பொருள் கொள்ளாதவிடத்துச் செய்யுளே சிதையும்.

குர்ஆனின் அடைவும் அதனால் விளையும் இடரும்

ஒரு சமயத்தை அறிய அதன் மறைநூலை முதற்பக்கத்திலிருந்து படித்தலே நேர்வழி எனப் பலர் கருதுவர். குர்ஆனைப் பொறுத்தவரை இம்முறை தொடக்கநிலையினர்க்கு உதவுவதில்லை. குர்ஆன் 114 அத்தியாயங்களை உடையது. நபிகள் நாயகம் அவர்களுக்கு ஏறத்தாழ 610 முதல் 632 வரை சிறிது சிறிதாக அது அருளப்பெற்றதாக முஸ்லிம்கள் நம்புகின்றனர். மூன்றாம் கலீபா உதுமான் ஆட்சியில் (644-656) அதன் எழுத்துவடிவம் ஒருமைப்படுத்தப்பட்டது. அத்தியாயங்கள் அருளப்பெற்ற கால வரிசையில் அமையவில்லை. ஏழு வசனங்கள் கொண்ட தோற்றுவாயை அடுத்துப் பெரும்பாலும் நெடியன முன்னும் குறியன பின்னுமாக அமைந்துள்ளன. முதன்முதலில் இறங்கியவை எனப் பெரும்பான்மையோர் கொள்ளும் வசனங்கள் இன்று 96ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் இடம்பெறுகின்றன.

இரண்டாம் அத்தியாயமோ 286 வசனங்கள் கொண்டது, மதீனாவில் அருளப்பெற்றது. நோன்பு, மணவிலக்கு, கடன் ஒப்பந்தம் ஆகியவை பற்றிய விதிகளும், மதீனாச் சூழலில் எழுந்த விவாதங்களும் அதில் உள்ளன. மக்காவின் முதற்காலச் செய்திகளான ஓரிறைக் கொள்கை, மறுமை, ஏழைக்கும் அநாதைக்கும் இரங்குதல் ஆகியவற்றை அறியாமல் அதனைப் படிப்பவர், சமயத்தை வெறும் சட்டத் தொகுப்பாகக் காணும் வாய்ப்பு மிகுதி. முஸ்லிம் சிறுவர்க்கு ஓதக் கற்பிக்கும் மரபும் இங்கு நோக்கத்தக்கது. அவர்கள் முதலில் ஓதப் பழகுவது ‘அம்ம ஜுஸ்வு’ எனப்படும் இறுதிப் பாகத்தை. 78 முதல் 114 வரையுள்ள அத்தியாயங்களைக் கொண்ட அப்பாகத்தில் பெரும்பாலானவை மக்காவில் அருளப்பெற்ற குறு அத்தியாயங்கள். குறியன மனனத்திற்கு எளியவை என்பதே அம்மரபின் காரணமாயினும், பொருளறிய விழைவோர்க்கும் அதுவே தக்க வாயிலாக அமைகிறது.

பரிந்துரைக்கத்தகும் வாசிப்பு வரிசை

முதற்படி நபிகள் நாயகத்தின் வாழ்வு வரலாறு. சுமார் 570இல் மக்காவில் பிறப்பு, 622இல் மதீனாவிற்கு ஹிஜ்ரத், 632இல் மறைவு என்னும் சட்டகம் மனத்திற் பதிந்தபின் குர்ஆனின் எப்பகுதியும் தன் இடத்தில் பொருந்தும். இப்னு இஸ்ஹாக் எட்டாம் நூற்றாண்டில் தொகுத்த வரலாறு, பின்வந்த இப்னு ஹிஷாம் செம்மை செய்த வடிவில் நமக்குக் கிடைக்கிறது. அம்மூலங்களைத் தழுவி மார்ட்டின் லிங்ஸ் 1983இல் ஆங்கிலத்தில் எழுதிய வரலாறு நம்பிக்கையாளரின் நோக்கில் அமைந்தது. மான்ட்கொமரி வாட் எழுதிய ‘முஹம்மத் அட் மெக்கா’ (1953), ‘முஹம்மத் அட் மெதினா’ (1956) ஆகியன சமூக, பொருளாதாரக் காரணங்களை ஆராய்வன. தமிழில் படிக்க விரும்புவோர்க்கு முபாரக்பூரியின் ‘ரஹீக்’ மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. உள்நின்று எழுதிய ஒன்றையும் வெளிநின்று எழுதிய ஒன்றையும் இணையாகப் படித்தல் ஆய்வாளர்க்கு நலம்.

இரண்டாம் படி குர்ஆனின் இறுதிப் பாகம். மைக்கேல் செல்ஸ் எழுதிய ‘அப்ரோச்சிங் த குர்ஆன்’ (1999) தொடக்ககால அத்தியாயங்களை மொழிபெயர்த்து, அவற்றின் ஒலிநயத்தையும் விளக்குகிறது. ஓசைநலம் அறிந்த தமிழ் ஆய்வாளர்க்கு இது உவப்பளிக்கும். அதன்பின் முழு மொழிபெயர்ப்பிற்குச் செல்லலாம். தமிழில் அ. கா. அப்துல் ஹமீது பாகவியின் மொழிபெயர்ப்பு முன்னோடியானது. ஒரே மொழிபெயர்ப்பை மட்டும் நம்பாது, இரண்டனை ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். பஸ்லுர் ரஹ்மானின் ‘மேஜர் தீம்ஸ் ஆஃப் த குர்ஆன்’ (1980), இறைவன், மனிதன், சமுதாயம், மறுமை எனப் பொருள்வாரியாகத் தொகுத்து விளக்குவதால் உரைத்துணையாகப் பயன்படும்.

மூன்றாம் படி நபிமொழி. ஒவ்வொரு நபிமொழியும் அறிவிப்பாளர் தொடர், செய்தி என இரு கூறுகள் கொண்டது. தொடரின் நம்பகத்தன்மையைக் கொண்டே செய்தியின் தரம் மதிப்பிடப்படும். புகாரி (மறைவு 870) தொகுப்பில் மீண்டும் வருவன உட்பட 7000க்கும் மேற்பட்டவை உள்ளன. அதனை முதலிற் கையிலெடுப்பவர் களைத்துப்போவது இயல்பு. நவவி (மறைவு 1277) தொகுத்த ‘நாற்பது நபிமொழி’ தொடக்கத்திற்குப் போதுமானது. பெயர் நாற்பதாயினும் அதில் உள்ளவை 42. அதன் இரண்டாம் நபிமொழியில், அறிமுகமற்ற மனிதர் உருவில் வரும் ஜிபுரீல் வினவ, நபிகள் நாயகம் இஸ்லாம், ஈமான், இஹ்ஸான் என்னும் மூன்றையும் விளக்குகிறார். ஐந்து கடமைகளும் ஆறு நம்பிக்கைகளும் ஓரிடத்தில் அடங்கிய சிறந்த அறிமுகம் இதுவே எனலாம்.

நான்காம் படி வரலாறும் ஞானநெறியும். மார்ஷல் ஹாட்ஜ்சனின் ‘த வென்ச்சர் ஆஃப் இஸ்லாம்’ (1974) மூன்று தொகுதிகளில் இஸ்லாமியப் பண்பாட்டை உலக வரலாற்றில் வைத்துக் காட்டுகிறது. ஆன்னமேரி ஷிம்மலின் ‘மிஸ்டிக்கல் டைமென்ஷன்ஸ் ஆஃப் இஸ்லாம்’ (1975) சூஃபி மரபின் கலைச்சொற்களை அறியத் துணைபுரியும். ஹனபி, மாலிக்கி, ஷாபிஈ, ஹன்பலி என்னும் நான்கு சட்ட நெறிகளின் வேறுபாட்டை ஆய்வாளர் இக்கட்டத்தில் அறிதல் வேண்டும். தமிழகத்தில் ஷாபிஈ, ஹனபி ஆகிய இரு நெறியினரும் வாழ்வதால் சட்டம் கூறும் தமிழ் நூல்களைப் பயில்வோர்க்கு இது தேவை.

தமிழ் மரபு காட்டும் வழி

மேற்கூறிய வரிசை வெளியிலிருந்து புகுத்தப்பட்டதன்று. இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் காலத்தால் முந்தியதாகக் கருதப்படுவது, வண்ணப்பரிமளப் புலவர் 1572இல் இயற்றிய ‘ஆயிரம் மசலா’. மசலா என்பது வினா எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். அப்துல்லா இப்னு சலாம் தொடுக்கும் வினாக்களுக்கு நபிகள் நாயகம் விடை பகர்வதாக நூல் அமைகிறது. இதன் மூலமான அரபு நூல் 1143இல் இலத்தீனிலும், பின்னர் சாவகம், மலாய் முதலிய மொழிகளிலும் வழங்கியது. ரோனிட் ரிச்சியின் ‘இஸ்லாம் டிரான்ஸ்லேட்டட்’ (2011) இப்பரவலை ஆராய்கிறது. வினவி அறிதல் என்னும் அமைப்பு ஜிபுரீல் நபிமொழியிலும் இருப்பது ஒப்பிடத்தக்கது.

உமறுப்புலவரின் சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களால் வாழ்வு வரலாற்றைப் பாடுகிறது. ஆகவே தமிழ்ப் புலவர்களும் வினாவிடையையும் வாழ்வு வரலாற்றையுமே தம் மக்களுக்கு வாயிலாக அமைத்தனர். இவற்றையும் பிற நூல்களையும் தொகுத்தறிய மு. மு. உவைஸ், பீ. மு. அஜ்மல்கான் ஆகியோர் எழுதிய ‘இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு’ தொகுதிகள் அடிப்படைக் கருவியாகும்.

வரிசை தவறின் விளைவது

சான்றாக ஒன்றைக் காணலாம். சீறாப்புராணத்தின் நாட்டுப் படலம் அரபு நாட்டை மழையும் ஆறும் வயலும் சூழ்ந்த மருதமாகப் புனைகிறது. இதனைப் புலவரின் அறியாமை எனக் கொள்வாரும், காப்பிய மரபு என ஒரு சொல்லில் முடிப்பாரும் உளர். குர்ஆனின் 14ஆம் அத்தியாயத்தில் இப்ராகீம் நபி தம் மரபினரைப் பயிர் விளையாத பள்ளத்தாக்கில் குடியமர்த்தியதாகக் கூறி இறைஞ்சுகிறார். அவர்க்குக் கனிகள் கிடைக்கவும் வேண்டுகிறார். இப்பகுதியை அறிந்த ஆய்வாளர்க்கு, மறைநூல் காட்டும் வறண்ட நிலத்திற்கும் காப்பியம் காட்டும் வளநாட்டிற்கும் இடையேயுள்ள தொலைவு புலப்படும். ஆற்றையும் வயலையும் எதற்காகப் புலவர் தேர்ந்தார் என்னும் மெய்யான ஆய்வு வினா அப்போதே எழுகிறது.

குணங்குடி மஸ்தான் சாகிபும் இத்தகைய சான்றே. அவர் பாடல்களைத் தாயுமானவரோடும் சித்தர்களோடும் ஒப்பிடுவது மரபு. அவ்வொப்பீடு பயனுடையதே. ஆனால் அவர் போற்றிப் பாடும் முகியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (மறைவு 1166) யார், காதிரிய்யா நெறியில் குருவின் இடம் யாது என்பன அறியாதார், ஒப்புமையை மட்டும் கண்டு வேற்றுமையை விட்டுவிடுவர்.

முடிவுரை

இஸ்லாத்தை அறியப் புகும் தமிழ் ஆய்வாளர் வாழ்வு வரலாறு, குர்ஆனின் இறுதிப் பாகம், நபிமொழிச் சிறுதொகுப்பு, வரலாறும் ஞானநெறியும் என்னும் வரிசையைப் பின்பற்றலாம். பின்னர் மசலாவும் சீறாவும் மீண்டும் படிக்கப்படுதல் வேண்டும். அம்மறுவாசிப்பில் தொழுகை, நோன்பு, வேதம், வானவர் முதலிய பழகிய சொற்கள் புதுப்பொருளோடு தோன்றும். அப்பொருள்களைத் தொகுத்துச் சொற்பொருளடைவு ஒன்றை உருவாக்குதல், இத்துறையில் தமிழ்த்துறைகள் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.