சாய்ந்து கிடந்த நீர்த்தாங்கி

கிளிநொச்சியிலே, கண்டி வீதியோரத்திலே, போரின் இறுதிக் கட்டத்தில் தகர்க்கப்பட்ட நீர்த்தாங்கி 2009 இற்குப் பின்னரும் பல்லாண்டுகள் சாய்ந்தபடியே கிடந்தது. தென்னிலங்கைப் பயணிகள் அதன் முன்னின்று படம் பிடித்தனர். நானும் பிடித்தேன், மறைப்பானேன்? ஊரவரோ கிணற்று நீரையே நம்பியிருந்தனர்.

1984 இலே தனி மாவட்டமான கிளிநொச்சிக்கு 2025 ஆம் ஆண்டுத் தேர்தலிலும் நகரசபை வாய்க்கவில்லை. மூன்று பிரதேச சபைகளே. நகரத்துச் சந்தையையும் குப்பையையும் தெருவிளக்கையும், சூழவுள்ள வயலூர்களின் ஒழுங்கைகளையும் கரைச்சிப் பிரதேச சபை ஒன்றே பார்த்தாக வேண்டும். குழாய்நீர் வேறொரு சபையின் பொறுப்பு. இந்தப் பங்கீட்டை யார் படம் பிடிப்பார்?

மறுமுறை சென்றபோது நான் தாங்கியைத் தேடவில்லை. தேநீர்க் கடைக்குப் பின்னேயிருந்த குழாயைத் திருகினேன். சற்றுப் பொறுத்து, நீர் வந்தது.